நான் மோட்டாரில்தான் உட்கார்ந்திருந்தேன்

போன மாதம் ஞாயிறு வகுப்பு முடிந்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். ஐந்தாம் படிவத் தம்பி ஒருவன் பக்கத்தில் வந்து நின்றான்.

"அண்ணே, ஒருத்தன் கடைக்குள்ள போயி கொள்ளையடிக்கிறான். இன்னொருத்தன் வெளிய மோட்டார ஸ்டார்ட் பண்ணி வச்சிருக்கான். உள்ள யாராச்சும் செத்துட்டா, வெளிய இருந்தவனுக்கும் கொலை கேஸா?"

யாரைப் பற்றி என்று நான் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை. வழக்கறிஞர் அலுவலகத்தில் வேலை செய்பவன் என்பதால் என்னிடம் வந்திருக்கிறான். "ஆகலாம்டா" என்றேன். அவன் முகம் செத்துப்போனது. அந்த 'லாம்' என்ற இரண்டே எழுத்தில்தான் இன்றைய பாடம் இருக்கிறது.

நம் குற்றவியல் சட்டத்தின் 34ஆவது பிரிவை முதலில் பார்ப்போம். பலர் ஒரே பொது நோக்கத்தோடு சேர்ந்து ஒரு குற்றச் செயலைச் செய்தால், அதைத் தனி ஒருவனாகவே செய்தது போல ஒவ்வொருவரும் பொறுப்பாளி. கத்தி யார் கையில் இருந்தது என்பதோடு கேள்வி முடிவதில்லை. 'பொது நோக்கம்' என்ன என்பதுதான் கேள்வி.

மலேசியா, சிங்கப்பூர் இரண்டு நாட்டுச் சட்டமும் 1860ஆம் ஆண்டு இந்தியச் சட்டத்தைப் பின்பற்றி வந்தவை. அதனால்தான் கல்கத்தாவில் நடந்த ஒரு வழக்கை நாமும் படிக்க வேண்டியிருக்கிறது. 1923 ஆகஸ்ட் 3. சங்கரிதோலா அஞ்சலகத்தில் அஞ்சல் அதிகாரி பணம் எண்ணிக்கொண்டிருக்கிறார். சிலர் வாசலில் வந்து நின்று பணத்தைக் கேட்கிறார்கள், உடனே சுடுகிறார்கள். அவர் இறந்துபோகிறார். வந்தவர்கள் ஒரு காசுகூட எடுக்காமல் ஓடுகிறார்கள். துரத்திப் பிடிபட்டவர் பரேந்திர குமார் கோஷ். கையில் துப்பாக்கி இருந்தது. அவர் சொன்ன பதில் என்ன தெரியுமா? "நான் வெளியே முற்றத்தில்தான் நின்றேன், பயந்துபோயிருந்தேன்." மேல்முறையீடு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. எல்லாரும் ஒரே நோக்கத்தோடு வந்திருந்தால், வெளியே காவல் நிற்பதும் அந்தச் செயலில் ஒரு பங்குதான் என்று சொல்லி, அவருடைய மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தார்கள்.

இதோடு நிறுத்தினால் தம்பிக்கு நான் அரைப் பாடம்தான் சொன்னவனாவேன். மறுபக்கமும் உண்டு. 2006 மே மாதம் சிங்கப்பூரில் கைப்பேசிகள் ஏற்றிவந்த ஒரு லாரியை மூன்று பேர் மடக்கினார்கள். ஒருவர் பேஸ்பால் மட்டையால் அடித்ததில் லாரி ஓட்டுநர் சில நாளில் இறந்தார். உயர் நீதிமன்றம் மூவருக்கும் மரண தண்டனை விதித்தது. 2010இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் மற்ற இருவரின் கொலைக் குற்றத்தை நீக்கிவிட்டது. கொள்ளையடிக்கும் நோக்கம் மூவருக்கும் பொதுவானது. ஆனால் அப்படிப்பட்ட அடியைக் கொடுக்கும் நோக்கம் அந்த இருவருக்கும் இருந்ததாக நிரூபிக்கப்படவில்லை. காயம் விளைவித்துக் கொள்ளையடித்த குற்றம் அவர்கள்மேல் நின்றது. உயிர் தப்பியது. இளமை தப்பவில்லை. ஓட்டுநர் வீட்டுக்கு இந்த வித்தியாசத்தால் என்ன ஆறுதல் என்று எனக்குத் தெரியவில்லை.

ஆனால் சிங்கப்பூர்த் தீர்ப்பு மலேசிய நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது. "அங்க விட்டாங்கல்ல" என்று யாரும் மனக்கணக்குப் போடவேண்டாம். அதிலும் துப்பாக்கி இருந்தால் கதையே வேறு. 1971ஆம் ஆண்டு சுடும் ஆயுதச் சட்டத்தின் 3ஏ பிரிவு கூட்டாளிக்கென்றே எழுதப்பட்டது. கொள்ளையின்போது கொல்லவோ காயப்படுத்தவோ ஒருவன் சுட்டால், அவனிடம் துப்பாக்கி இருப்பது தெரிந்திருக்கக்கூடிய கூட்டாளியும் அந்த இடத்தில் இருந்தால் மாட்டிக்கொள்வான். யார்மேலும் குண்டு படாவிட்டாலும்கூட! சுடாமல் தடுக்க முடிந்த எல்லாவற்றையும் செய்தேன் என்று அவனேதான் நிரூபிக்க வேண்டும். முன்பு இதற்கும் 302ஆவது பிரிவின் கொலைக்கும் கட்டாயத் தூக்கு. 2023 ஜூலை 4 முதல் அந்தக் கட்டாயம் இல்லை. தூக்கு இல்லையென்றால் 30லிருந்து 40 ஆண்டு சிறை, குறைந்தது 12 பிரம்படி. பதினெட்டு வயதில் உள்ளே போனவன் வெளியே வரும்போது அம்மா இருப்பாரா?

கோர்ட்டில் தோண்டப்படுவது சின்னச் சின்ன விஷயங்கள்தான். பாராங் இருப்பது உனக்கு எப்போது தெரிந்தது? முதல் நாள் வாட்ஸ்அப்பில் என்ன எழுதினாய்? பணத்தில் பங்கு வாங்கினாயா? அதனால் போலீஸ் கூப்பிட்டால் வீட்டில் உட்கார்ந்து கதை ஜோடிக்காதீர்கள். முதலில் வழக்கறிஞரைப் பாருங்கள்.

தம்பியிடம் இவ்வளவும் சொன்னேன். கேட்டுக்கொண்டே கடைசி நாற்காலியைத் தூக்கி அடுக்கினான். "அப்போ அவனுக்குத் தெரியுமான்னுதாண்ணே கேக்கணும்" என்றான். "ஆமாடா. முதல்ல வக்கீல கேக்கச் சொல்லு" என்று கார்டைக் கொடுத்தேன்.

அடுத்த கூட்டத்தில் பேச ஒரு கேள்வி. நால்வர் காரில் போகிறார்கள். பாதி வழியில்தான் சீட்டுக்கடியில் பாராங் இருப்பதை ஓட்டுபவன் பார்க்கிறான். "சும்மா மிரட்டத்தான்டா" என்கிறார்கள். டோல் சாவடி இன்னும் இரண்டு கிலோமீட்டர். அந்த இரண்டு கிலோமீட்டருக்குள் அவன் என்னென்ன செய்யலாம்? எழுதிக்கொண்டு வாருங்கள்.