வீட்டுக் கம்ப்யூட்டருக்கு லினக்ஸ்: வணிகர்கள் அறிய வேண்டியவை

கடையில் பில் போட ஒரு கம்ப்யூட்டர், வீட்டில் பிள்ளைகள் படிக்கவும் கடிதம் அடிக்கவும் ஒரு பழைய கம்ப்யூட்டர் என்று வைத்திருக்கும் வணிகர்கள் மயிலாப்பூரிலும் தி.நகரிலும் அநேகர். அந்தப் பழைய கம்ப்யூட்டரில் பெரும்பாலும் இருப்பது விண்டோஸ் 10. அதற்கான வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் 14-10-2025 உடன் நின்றுவிட்டன. தனியே பதிவு செய்துகொண்டவர்களுக்கு மட்டும் சிறிது கால நீட்டிப்பு தரப்பட்டது. விண்டோஸ் 11-க்கு மாறலாம் என்றால், 2018-க்கு முந்தைய கம்ப்யூட்டர்களில் பெரும்பாலானவற்றை அது ஏற்பதில்லை. நன்றாக ஓடும் கம்ப்யூட்டரைப் பழைய இரும்பு விலைக்குப் போட வேண்டுமா? வேண்டியதில்லை, லினக்ஸ் இருக்கிறது.

லினக்ஸ் என்றால் என்ன?

விண்டோஸ் போலவே கம்ப்யூட்டரை இயக்கும் அடிப்படை மென்பொருள் இது. பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் தொடங்கினார். வீட்டுக்கு ஏற்ற லினக்ஸ் வகைகள் விலையின்றிக் கிடைக்கின்றன. எத்தனை கம்ப்யூட்டரில் போட்டாலும் குற்றமில்லை. நமது மாநிலத்துக்கு இது புதிதும் அல்ல. தமிழக அரசின் எல்காட் நிறுவனம் 2007 வாக்கில் தன் அலுவலகக் கம்ப்யூட்டர்களை சூசே லினக்ஸுக்கு மாற்றியது. அதே ஆண்டு சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையம் இந்திய மொழிகளுக்கென 'பாஸ்' லினக்ஸை வெளியிட்டது.

எது ஓடும், எது ஓடாது?

இணையம், மின்னஞ்சல், வீடியோ, தமிழ் டைப்பிங் ஆகியவற்றுக்குக் குறையில்லை. வேர்டு, எக்ஸெல் கோப்புகளை லிப்ரே ஆஃபீஸ் திறக்கும். மேக்ரோ உள்ள தாள்கள் மட்டும் தகராறு செய்யலாம். ஆனால் டேலி விண்டோஸுக்கென்றே செய்யப்பட்டது. ஜி.எஸ்.டி. இணையதளம் லினக்ஸில் திறக்கும்; ரிட்டர்ன் தயாரிக்கும் ஆஃப்லைன் மென்பொருளோ விண்டோஸுக்கானது. ஆகவே கடைக் கணக்குக் கம்ப்யூட்டருக்கு லினக்ஸ் வேண்டாம். ஆடிட்டரைக் கலந்து அதை விண்டோஸ் 11-க்குக் கொண்டுபோவதே சரி.

மாற்றும் முறை

1. படங்கள், கடிதங்கள், கணக்கு நகல்கள் அனைத்தையும் வெளி ஹார்டு டிஸ்கில் எடுத்து வையுங்கள். அவை திறக்கின்றனவா என்று வேறொரு கம்ப்யூட்டரில் பாருங்கள். இதில் அலட்சியம் கூடாது. லினக்ஸ் பதியும்போது பழைய டிஸ்க் முழுதும் அழிந்துபோகலாம்.

2. 8 ஜி.பி. பென் டிரைவ் ஒன்றில் லினக்ஸ் மின்ட் ஏற்றுங்கள். கம்ப்யூட்டரில் 4 ஜி.பி. ராம் இருந்தால் நன்று.

3. மூட்டையில் குத்தூசி போட்டு மாதிரி பார்த்த பிறகுதானே அரிசி வாங்குகிறோம்? அதுபோல, பென் டிரைவிலிருந்தே லினக்ஸை ஓட்டிப் பார்க்கலாம். பதியும்படி நாம் சொல்லாதவரை ஹார்டு டிஸ்கில் இருப்பவை அப்படியே இருக்கும்.

4. அந்த நிலையிலேயே வைஃபை, பிரிண்டர், ஒலி மூன்றையும் சோதியுங்கள். பிரிண்டர் வேலை செய்யாவிட்டால் அத்துடன் நிறுத்தி, அந்த மாடலுக்கு லினக்ஸ் டிரைவர் உண்டா என்று விசாரியுங்கள்.

5. எல்லாம் சரியானால் மட்டும் பதியுங்கள்.

இப்படிச் செய்தால் வீட்டுக்குப் புதுக் கம்ப்யூட்டர் வாங்கும் செலவு மிச்சம். அந்தத் தொகை கடைக் கம்ப்யூட்டரைப் புதுப்பிக்க உதவும். நமது பிழைப்பும் கணக்கும் இருப்பது அதில்தானே!