இருகண் நோக்கியைத் தேர்ந்தெடுத்தல்

1854ஆம் ஆண்டு ஆல்பிரட் ரஸ்ஸல் வாலஸ் என்னும் ஆங்கிலேய இயற்கை ஆய்வாளர் சிங்கப்பூரில் வந்திறங்கினார். அடுத்த எட்டு ஆண்டுகளில் அவரும் அவருடைய உதவியாளர்களும் மலாய்த் தீவுக்கூட்டம் எங்கும் சுற்றி, ஏறத்தாழ 8,000 பறவைகளைச் சேகரித்தனர். சேகரித்தல் என்பதற்கு அக்காலத்தில் சுட்டு வீழ்த்திப் பதப்படுத்துதல் என்பதே பொருள். பறவையை ஐயமின்றி அடையாளம் காண வேண்டுமானால், அதனைக் கையில் எடுத்துப் பார்ப்பதே அன்றைய ஆய்வாளர்களின் வழக்கமாக இருந்தது.

இவ்வழக்கத்தை மாற்ற உதவிய கருவிதான் இருகண் நோக்கி. 1889ஆம் ஆண்டு அமெரிக்காவைச் சேர்ந்த புளோரன்ஸ் மெரியம் பெய்லி, நாடகம் பார்க்கப் பயன்படும் சிறிய கண்ணாடியைக் கொண்டே பறவைகளை அறியலாம் என்று ஒரு நூல் எழுதினார். 1894ஆம் ஆண்டு ஜெர்மனியில் முப்பட்டகம் பொருத்திய இருகண் நோக்கி விற்பனைக்கு வந்தது. அதன்பின், உயிருள்ள பறவையை அதன் இடத்திலேயே தெளிவாகப் பார்ப்பது படிப்படியாக எளிதாயிற்று.

இன்று 'பைனாகுலர்' என்று பரவலாக அழைக்கப்படும் இக்கருவி, கடைகளில் நூற்றுக்கும் குறைவான ரிங்கிட் முதல் பத்தாயிரம் ரிங்கிட்டுக்கு மேலும் விற்கப்படுகிறது. விலை மிகுந்தது எல்லாருக்கும் தேவையன்று. விலை குறைந்தது எல்லாம் பயனற்றதும் அன்று. கருவியைப் பற்றிய அறிவு இருந்தால், கையில் உள்ள பணத்திற்கு ஏற்றதை வாங்க முடியும்.

ஒவ்வோர் இருகண் நோக்கியிலும் 8×42 அல்லது 10×42 என்பது போன்ற இரண்டு எண்கள் பொறிக்கப்பட்டிருக்கும். முதல் எண் உருப்பெருக்கத்தைக் குறிக்கும். எட்டு என்றால், 80 மீட்டர் தொலைவில் உள்ள பறவை 10 மீட்டர் தொலைவில் இருப்பது போல் தெரியும். இரண்டாவது எண், முன்புற வில்லையின் விட்டத்தை மில்லிமீட்டரில் காட்டும். வில்லை அகன்றிருந்தால் அது கூடுதல் ஒளியைத் திரட்டும். ஆயினும், கருவியின் எடையும் கூடும்.

முதல் எண் பெரிதாக இருந்தால் நல்லது என்று பலர் எண்ணுகின்றனர். உண்மையில், உருப்பெருக்கம் கூடும்போது கையின் நடுக்கமும் சேர்ந்தே பெருக்கப்படுகிறது. அத்துடன், கண்ணுக்குத் தெரியும் பரப்பும் சுருங்குகிறது. பிரேசர் மலையின் மரக்கிளைகளில் கூட்டமாக வந்து நொடிப்பொழுதில் மறையும் சிறு பறவைகளைப் பார்க்க, எட்டு மடங்கு பெருக்கமும் அகன்ற பார்வைப் பரப்புமே உதவும். கோலசிலாங்கூரின் சேற்றுநிலத்தில் தொலைவில் இரை தேடும் உள்ளான்களைப் பார்ப்பதற்குப் பத்து மடங்கு பெருக்கம் பொருத்தமாகும். பத்தைத் தாண்டினால், பெரும்பாலோருக்குத் தாங்கி இன்றிக் காட்சி நிலைத்து நிற்காது.

இரண்டாவது எண்ணை முதல் எண்ணால் வகுத்தால், கருவியிலிருந்து கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றையின் அகலம் கிடைக்கும். 8×42 கருவியில் அது 5.25 மில்லிமீட்டர், 8×25 கருவியில் ஏறத்தாழ 3 மில்லிமீட்டர். நல்ல வெயிலில் மனிதக் கண்ணின் பாவை 2 அல்லது 3 மில்லிமீட்டர் அளவே திறந்திருக்கும். அப்போது இரு கருவிகளுக்கும் ஒளியளவில் பெரிய வேறுபாடு தெரியாது. ஆனால், மழைக்காட்டின் நிழலிலும் அதிகாலையிலும் பாவை விரியும். அப்போது சிறிய கருவியில் காட்சி மங்கும். அந்திப்பொழுதில் மானைத் தேடும் வேட்டைக்காரர் அகன்ற வில்லையை விரும்புவதும் இக்காரணத்தால்தான்.

எண்கள் ஒன்றாக இருந்தும் விலை வேறுபடுவதற்குக் கண்ணாடியின் தரமே முக்கியக் காரணம். பூச்சு இல்லாத கண்ணாடிப் பரப்பு ஒவ்வொன்றும் தன்மேல் விழும் ஒளியில் ஏறத்தாழ 4 விழுக்காட்டைத் திருப்பி அனுப்பிவிடும். ஓர் இருகண் நோக்கியில் இத்தகைய பரப்புகள் பல உள்ளன. எனவே, அனைத்துப் பரப்புகளிலும் பல அடுக்குப் பூச்சு உள்ள கருவியில் காட்சி தெளிவாகவும் ஒளியோடும் இருக்கும். உள்ளே உள்ள முப்பட்டகங்களின் அமைப்பும் விலையைப் பாதிக்கிறது. நேரான குழாய்களைக் கொண்ட வகை கைக்கு அடக்கமானது. ஆனால், அதனைத் துல்லியமாகச் செய்யச் செலவு மிகும். தோள் விரிந்தது போன்ற பழைய வடிவம் பருமனானது. எனினும், குறைந்த விலையில் நல்ல காட்சியைத் தரக்கூடியது.

மலேசியா, சிங்கப்பூர் போன்ற ஈரப்பதம் மிகுந்த நாடுகளில் மற்றொன்றையும் கவனிக்க வேண்டும். ஈரம் உள்ளே புகுந்தால் வில்லைகளில் பூஞ்சணம் படரும். நீர் புகாதவாறு மூடப்பட்டு, உள்ளே நைட்ரஜன் வாயு நிரப்பப்பட்ட கருவியில் இந்த ஆபத்து குறைவு. அவ்வசதி இல்லாத கருவியை, காற்றுப் புகாத பெட்டியில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா மணிகளுடன் வைத்துப் பாதுகாக்கலாம். மூக்குக்கண்ணாடி அணிபவர்கள், கண்ணுக்கும் கண்வில்லைக்கும் இடையே 16 மில்லிமீட்டர் இடைவெளி இருந்தாலும் முழுக் காட்சியையும் காட்டும் கருவியைத் தேட வேண்டும்.

சில நூறு ரிங்கிட் மட்டுமே உள்ளவர், பழைய வடிவிலான 8×40 அல்லது எளிய 8×42 கருவியை வாங்கலாம். ஆயிரம் முதல் இரண்டாயிரம் ரிங்கிட் செலவிடக்கூடியவருக்கு, நீர் புகாத, தரமான பூச்சுள்ள கருவி கிடைக்கும். பல ஆண்டுகள் தொடர்ந்து பறவைகளைப் பார்ப்பவருக்கு இது போதுமானது. அதற்குமேல் கொடுக்கும் பணத்திற்குக் காட்சி சிறிது சிறிதாகவே மேம்படுகிறது. விலை பத்து மடங்கு ஆனதால் பறவை பத்து மடங்கு தெளிவாகத் தெரிந்துவிடாது. எந்த விலையிலும் தவிர்க்க வேண்டியவையும் உண்டு. நம்ப முடியாத பெரிய எண்களைப் பொறித்த கருவிகளும், கண்ணைக் கவரும் சிவப்புப் பூச்சுள்ள வில்லைகளும் பெரும்பாலும் ஏமாற்றத்தையே தரும்.

24 மாணவர்களைக் கொண்ட ஒரு பள்ளி இயற்கைக் கழகத்திடம் 1,500 ரிங்கிட் இருப்பதாகக் கொள்வோம். அதனைக் கொண்டு ஒரே ஒரு சிறந்த கருவியை வாங்கினால், மீன்கொத்தி கிளையில் அமர்ந்திருக்கும் ஒரு நிமிடத்தில் இரண்டு மூன்று பேரே பார்ப்பர். மற்றவர்கள் பார்த்தவர் சொன்னதைக் கேட்டுத் திரும்புவர். நூறு ரிங்கிட் கருவிகள் பதினைந்து வாங்கினால், எல்லாரும் பார்க்கலாம். ஆனால், குழாய்கள் சரியாக இணையாத கருவிகள் தலைவலியைத் தருவதோடு உள்ளானையும் உப்புக்கொத்தியையும் பிரித்தறிய உதவாமலும் போகலாம். ஐந்நூறு ரிங்கிட் கருவிகள் மூன்று வாங்கி, எட்டுப் பேருக்கு ஒன்றாகப் பகிர்ந்துகொள்வதே அக்கழகத்திற்கு ஏற்ற வழி. ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி மாதத்தில் நடைபெறுகிறது. அத்தகைய பணியில் தவறான பதிவு, பதிவே இல்லாததைவிடத் தீங்கானது. ஒரு சதுப்புநிலத்தைக் காக்க வேண்டும் என்று வாதிடுபவர்களுக்கு அங்குள்ள பறவைகளின் சரியான எண்ணிக்கையே சான்றாகும்.

கடையில் கருவியை வாங்குமுன் சில எளிய சோதனைகளைச் செய்யலாம். கருவியைக் கை நீளத்தில் பிடித்து, வெளிச்சமான சுவரை நோக்கித் திருப்ப வேண்டும். கண்வில்லையில் தெரியும் ஒளிவட்டம் முழு வட்டமாக இருந்தால் முப்பட்டகம் தரமானது. ஓரங்கள் வெட்டுப்பட்டுச் சதுரம்போல் தெரிந்தால் தரம் குறைவு. பின்னர், கடைக்கு வெளியே உள்ள பெயர்ப் பலகையை இரு கண்களாலும் சில நிமிடம் பார்க்க வேண்டும். எழுத்துகள் இரண்டாகத் தெரிந்தாலோ கண் வலித்தாலோ அதனை வாங்கக் கூடாது. கழுத்தில் சிறிது நேரம் தொங்கவிட்டு எடையையும் சோதித்துக்கொள்வது நன்று.

கருவி எத்துணைச் சிறந்ததாயினும், அதனைக் கொண்டு சூரியனை ஒருபோதும் பார்க்கக் கூடாது. நொடியில் கண்பார்வை பாழாகும். மார்ச் மாதத்தில் தஞ்சோங் துவானுக்கு வருவோர் இதனை நினைவில் கொள்ள வேண்டும். சுமத்ராவிலிருந்து மலாக்கா நீரிணையைக் கடந்து வரும் தேன்பருந்துகள் நண்பகல் வானில் வட்டமிடும்போது, அவற்றைத் தொடரும் பார்வை எளிதில் சூரியன் பக்கம் சென்றுவிடும்.

கடலைக் கடந்த களைப்புடன் வரும் அப்பறவைகளை அருகில் சென்று கலைக்க வேண்டிய தேவையில்லை. தொலைவில் நின்றபடியே அவற்றின் இறகு வரிகளைக் காண முடிகிறது. வாலஸ் காலத்தில் துப்பாக்கி முனையில் கிடைத்த அறிவை, இன்று பறவைக்குத் தீங்கு செய்யாமலே பெறலாம். அதற்கு உரிய கருவியைத் தன் வசதிக்கேற்ப ஆராய்ந்து தேர்ந்தெடுப்பவரே பணத்தையும் வீணாக்காமல், பறவையையும் இழக்காமல் பயனடைவார்.