செயலி ஏன் திடீரென நின்றது?

கணினியில் ஒரு செயலியைத் திறக்கிறோம். சற்று நேரத்தில் அது தானாகவே மூடிக்கொள்கிறது. மீண்டும் திறந்தாலும் அதே நிலைதான். சேமிக்காமல் விட்ட கட்டுரையும் அதனோடு போய்விடுகிறது. “இந்தச் செயலி சரியில்லை” என்று சொல்லி அதை நீக்கிவிடுகிறோம். ஆனால், பிழை உண்மையிலேயே அந்தச் செயலியில்தான் உள்ளதா?

இக்காலச் செயலிகள் எல்லா வேலைகளையும் தாமே செய்வதில்லை. படங்களைத் திறத்தல், இணையத்தோடு இணைதல் போன்ற பொதுவான வேலைகளுக்கு, பிறர் எழுதி வைத்த நிரல் தொகுப்புகளைப் பயன்படுத்துகின்றன. இத்தொகுப்பை நிரலகம் என்பர். நிரலகம் பெரும்பாலும் செயலியின் நினைவகப் பகுதிக்குள்ளேயே இயங்கும். எனவே, நிரலகம் இடறினால் செயலியும் சேர்ந்தே விழும். ஆனால், பயனரின் கண்ணுக்குத் தெரிவது செயலியின் பெயர் மட்டுமே. “எய்தவன் இருக்க அம்பை நோவானேன்?” என்னும் பழமொழி இங்கு நன்கு பொருந்தும்.

இதற்கு உண்மையான எடுத்துக்காட்டு ஒன்றைக் காண்போம். பள்ளி, அலுவலகம் போன்ற இடங்களில் கணினிகள் பல வேளைகளில் ப்ராக்ஸி எனப்படும் இடைநிலைக் கணினி வழியாகவே இணையத்தை அடைகின்றன. எந்த ப்ராக்ஸி வழியாகச் செல்ல வேண்டும் என்பதை லினக்ஸ் கணினிகளில் உள்ள செயலிகளுக்குச் சொல்லும் நிரலகம் லிப்ப்ராக்ஸி ஆகும். தேவைப்பட்டால், அது வலையமைப்பிலிருந்து ஓர் அமைவுக் கோப்பைப் பதிவிறக்கிப் படிக்கும்.

2020ஆம் ஆண்டில் இந்நிரலகத்தின் 0.4.15 பதிப்பில் இரு குறைகள் வெளிப்பட்டன. முதலாவது, வரியைப் படிக்கும் முறையில் இருந்தது. அந்நிரல் ஓர் எழுத்தைப் படித்தபின், அடுத்த எழுத்துக்காகத் தன்னையே மீண்டும் அழைக்கும். வரி முடிந்தால்தான் அந்த அழைப்பு நிற்கும். மறுமுனைக் கணினி வரியை முடிக்காமல் எழுத்துகளை அனுப்பிக்கொண்டே இருந்தால், அழைப்புகள் பெருகி நினைவகம் தீர்ந்துவிடும், செயலி நின்றுவிடும். இரண்டாவது, தன் அளவைத் தெரிவிக்காமல் வரும் பெரிய அமைவுக் கோப்பு, ஒதுக்கிய இடத்தைத் தாண்டி நினைவகத்தில் எழுதப்பட்டது. இவ்விரு குறைகளும் 0.4.16 பதிப்பில் சரிசெய்யப்பட்டன.

இத்தகைய சிக்கலின் காரணத்தை எப்படிக் கண்டறிவது?

முதலில், சிக்கல் எப்பொழுது நிகழ்கிறது என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். இணையத்தைப் பயன்படுத்தும் பல செயலிகள் ஒரே வலையமைப்பில் மட்டும் நின்றுபோனால், அவற்றுக்குப் பொதுவான ஒன்றையே ஐயுற வேண்டும்.

அடுத்து, கணினி பதிவுசெய்யும் பிழை அறிக்கையைப் படிக்க வேண்டும். எந்தக் கூறு இயங்கியபோது செயலி நின்றது என்பது அதில் இருக்கும். எனினும், இது தடயமே தவிர தீர்ப்பன்று. ஒரு கூறு நினைவகத்தைக் கெடுத்துவிட, பின்னர் வேறொரு கூறு இடறுவதும் உண்டு.

பிறகு, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிச் சோதிக்க வேண்டும். தானியங்கி ப்ராக்ஸி அமைப்பை அணைத்தால் செயலி இயங்குகிறதா? மீண்டும் இயக்கினால் நிற்கிறதா? இரண்டுக்கும் “ஆம்” என்றால் ஐயம் வலுப்பெறும். பல மாற்றங்களை ஒன்றாகச் செய்தால், எது பயன் தந்தது என்பது விளங்காது. பள்ளிக் கணினியாக இருந்தால், ஆசிரியரின் அனுமதியின்றி அமைப்புகளை மாற்றக் கூடாது.

இறுதியாக, அந்த நிரலகத்தைப் புதுப்பிக்க வேண்டும். சிக்கல் நீடித்தால், பதிப்பு எண்ணையும் பிழை அறிக்கையையும் சேர்த்து அதனை உருவாக்கியோருக்குத் தெரிவிக்கலாம். “வேலை செய்யவில்லை” என்று மட்டும் எழுதினால் அவர்களால் உதவ இயலாது. எந்த நிலையில், என்ன செய்தபோது நின்றது என்று தெளிவாக எழுதினால், ஒருவரின் அறிக்கை அதே நிரலகத்தைப் பயன்படுத்தும் அனைவருக்கும் பயன்படும்.