எண்ணூர்க் கழிமுகம்

நகரமும் நாட்டுப்புறமும் கூடும் இடத்தில் வாழ்வோர்க்கு இரண்டின் நலமும் உண்டு. இரண்டின் இடரும் உண்டு. சென்னையின் வடகோடியிலுள்ள எண்ணூர் இதற்குத் தக்க சான்றாகும்.

கிழக்கே வங்கக் கடல். வடக்கே கொசத்தலையாறு கடலொடு கலக்கும் கழிமுகம். அதனை ஊடறுத்துச் செல்வது பக்கிங்காம் கால்வாய். உப்பளங்களும் அலையாத்தி மரங்களும் சூழ்ந்த அந்நிலத்தில், ஆழமற்ற நீரில் இறங்கிக் கையால் துழாவி இறால் பிடித்துப் பிழைப்போர் இன்றும் உளர்.

1856ஆம் ஆண்டில் தென்னிந்தியாவின் முதற்பயணியர் புகைவண்டி இராயபுரத்திலிருந்து புறப்பட்டது. பின்னர் வடகரை நெடுகத் தொழில் பெருகிற்று. எண்ணூரில் மோட்டார்த் தொழிற்சாலையும் அனல்மின் நிலையங்களும் எழுந்தன. 2001ஆம் ஆண்டில் துறைமுகமும் இயங்கத் தொடங்கிற்று. 2011ஆம் ஆண்டில் திருவொற்றியூரும் கத்திவாக்கமும் சென்னை மாநகராட்சியில் இணைந்தன.

ஆலைகள் பலர்க்கும் ஊதியம் அளித்தன. ஆயினும், நிலக்கரிச் சாம்பல் கழிமுகத்திற் படிந்து அதன் ஆழத்தைக் குறைத்தது. 2023ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில், புயல் வெள்ளத்தோடு கலந்து வந்த எண்ணெய் கழிமுகமெங்கும் பரவி, மீனவர்தம் படகையும் வலையையும் பாழாக்கியது.

இஃது அவர்க்கு மட்டும் உற்ற தீங்கன்று. மழைக்காலத்தில் கொசத்தலையாற்றின் பெருவெள்ளம் கடலை அடையும் வழி இக்கழிமுகமே. அவ்வழி தூர்ந்துபோகுமாயின், வெள்ளம் குடியிருப்புகளுக்குள்ளே புகும். ஆதலின், புறநகரைக் கழிவு கொட்டும் புழைக்கடையாக எண்ணும் நகரம், தன் வாயிலைத் தானே அடைத்துக்கொள்கிறது.