மொட்டைக் கழுத்துக் கோழி

கோழியைக் கையில் எடுத்துப் பாருங்கள். கதகதப்பாக இருக்கும். நம் உடம்பின் சூடு சுமார் 37 டிகிரி. கோழியின் உடம்புச் சூடு சுமார் 41 டிகிரி.

வெயில் நேரத்தில் நமக்கு வியர்க்கும். வியர்வை காயும்போது உடம்பு குளிரும். கோழிக்கு வியர்க்காது. பிறகு எப்படிச் சூட்டை வெளியே விடுகிறது?

ஒரு வழி தோல். கொண்டையிலும் தாடியிலும் இறகு இல்லை. அங்கிருந்து சூடு காற்றில் கலக்கும்.

இன்னொரு வழி மூச்சு. கோழி வாயைத் திறந்து இரைக்கும். வாயின் ஈரம் ஆவியாகும். அதோடு சூடும் போகும்.

ஆனால் திருவனந்தபுரம் கடலோர ஊர். காற்றில் ஈரம் அதிகம். ஈரக் காற்றில் துணி சீக்கிரம் காயாது அல்லவா? கோழியின் வாய் ஈரமும் அப்படித்தான். எவ்வளவு இரைத்தாலும் சூடு போதிய அளவு இறங்காது. சூடு மிகவும் ஏறினால் கோழி செத்துவிடும். முட்டைக் காசும் போய்விடும்.

காற்றின் ஈரத்தை நாமே அளக்கலாம். காற்றின் சூட்டைக் காட்டும் தெர்மாமீட்டர் இரண்டு வேண்டும். ஒன்றின் குமிழில் ஈரத் துணியைச் சுற்றுங்கள். இரண்டையும் கூட்டருகே நிழலில் தொங்கவிடுங்கள். சிறிது நேரம் விசிறுங்கள். ஈரத் துணி சுற்றியது குறைவாகக் காட்டும். இரண்டுக்கும் வித்தியாசம் அதிகமா? காற்று உலர்ந்திருக்கிறது. வித்தியாசம் குறைவா? காற்றில் ஈரம் அதிகம். அன்று இரைப்பதால் மட்டும் கோழி பிழைக்காது. தோல் வழியும் சூடு போக வேண்டும்.

இங்கேதான் மொட்டைக் கழுத்துக் கோழி நமக்கு உதவுகிறது. இந்தியாவில் இந்த இனத்தின் இருப்பிடமே திருவனந்தபுரம் பகுதிதான். இதன் கழுத்தில் இறகு இல்லை. உடம்பிலும் இறகு குறைவு. மற்றக் கோழிக்கு 100 பங்கு இறகு என்றால், இதற்கு 60 முதல் 80 பங்குதான். இறகு கம்பளி போன்றது. கம்பளி குறைந்தால் சூடு எளிதாகப் போகும்.

உத்தரப்பிரதேசத்தில் இஸ்ஸத்நகர் என்ற ஊர் உள்ளது. அங்குள்ள மத்திய பறவை ஆராய்ச்சி நிலையம் இந்த இனத்தைக் கலந்து ‘ஹிட்காரி’ என்ற கோழியை உருவாக்கியது. அழகில்லை என்று இதை விற்றுவிடாதீர்கள்.

எந்தக் கோழி ஆனாலும் வெயில் காலத்தில் இவற்றைச் செய்யுங்கள்:

- கூட்டில் காற்று வந்து போகட்டும்.
- கூரைமேல் ஓலை போடுங்கள்.
- குளிர்ந்த தண்ணீர் எப்போதும் இருக்கட்டும்.
- தீனியைக் காலையிலும் மாலையிலும் போடுங்கள்.

பதில் எழுதுங்கள்:

1. கோழி ஏன் வாயைத் திறந்து இரைக்கிறது?
2. ஈரக் காற்றில் அதன் சூடு ஏன் இறங்குவதில்லை?
3. உங்கள் தெருவில் மொட்டைக் கழுத்துக் கோழிகள் எத்தனை? எண்ணி எழுதுங்கள்.