சிறு விவசாயிக்கு ஏற்ற சிம்மும் செல்போனும்

விதை வாங்குமுன் மண்ணைப் பார்ப்பது விவசாயியின் வழக்கம். ஆனால் செல்போன் வாங்கும்போது மட்டும் பலர் இந்த முறையைத் தலைகீழாக்கி விடுகின்றனர். கருவியை முதலில் வாங்கி, கடைக்காரர் கொடுக்கும் சிம்மைப் போட்டுக்கொண்டு ஊர் திரும்புகின்றனர். கிணற்றடிக்குப் போன பிறகே அங்கே சிக்னல் இல்லை என்பது தெரிகிறது. சிக்னல் இல்லாத இடத்தில் 20,000 ரூபாய்க் கருவியும் வெறும் டார்ச் விளக்குதான். ஆகவே முதலில் சிம், அடுத்து ரீசார்ஜ் கணக்கு, கடைசியில் கருவி என்ற வரிசையில் தேர்வு செய்தல் வேண்டும்.

சிக்னல் சோதனை

வெவ்வேறு நிறுவனங்களின் சிம் வைத்துள்ள அக்கம்பக்கத்தாரை அழைத்துக்கொண்டு வீடு, பம்புசெட் அறை, களம், வயலின் கடைக்கோடி ஆகிய நான்கு இடங்களில் சோதிக்க வேண்டும். காலை, நண்பகல், இரவு 8 மணி என மூன்று வேளையும் பார்ப்பது நல்லது. திரையில் தெரியும் கோடுகளை மட்டும் நம்பக் கூடாது. பேசிப் பார்ப்பதுடன், ஒரு படமும் அனுப்பிப் பார்க்க வேண்டும். பி.எஸ்.என்.எல். 4ஜி சேவை 2025 செப்டம்பரில் நாடெங்கும் தொடங்கி வைக்கப்பட்டது. எனவே பழைய அனுபவத்தை வைத்து எந்த நிறுவனத்தையும் ஒதுக்காமல், மீண்டும் ஒருமுறை சோதித்தல் நலம்.

மோட்டாரைச் செல்போன் மூலம் இயக்கும் ஸ்டார்ட்டர் கருவிகளில் பல 2ஜி சிம்மில் இயங்குபவை. 2ஜி சேவை இல்லாத ஜியோ சிம் அவற்றில் வேலை செய்யாது.

ஆண்டுக் கணக்கு

28 நாள் திட்டம் என்பது மாதத் திட்டம் அன்று. ஆண்டுக்கு 12 முறை அல்ல, 13 முறை பணம் கட்ட வேண்டியிருக்கும். உதாரணமாக, ஒரு முறைக்கு 200 ரூபாய் என்றால் ஆண்டுக்கு 2,600 ரூபாய்; மூன்று ஆண்டுகளில் 7,800 ரூபாய். கருவியின் விலையில் 500 ரூபாய் குறைக்கப் பேரம் பேசுபவர்கள் இந்தச் செலவை எண்ணிப் பார்ப்பதில்லை. திட்டத்தின் விலையை நாட்களால் வகுத்து, ஒரு நாளைக்கு எவ்வளவு என்று கண்டு ஒப்பிட வேண்டும்.

பேசுவதற்கு மட்டும் செல்போன் வைத்திருப்பவர்கள் டேட்டாவுக்குப் பணம் கட்டத் தேவையில்லை. டேட்டா இல்லாத திட்டங்களையும் நிறுவனங்கள் தர வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2024 டிசம்பரில் விதி செய்தது. கடைக்காரர் சொல்லாவிட்டாலும் கேட்டு வாங்க வேண்டும். இவர்களுக்கு 4ஜி பட்டன் செல்போனே போதும். கிசான் கால் சென்டரின் 1800-180-1551 என்ற எண்ணுக்கு அதிலிருந்தும் கட்டணமின்றிப் பேசலாம்.

எண்ணை இழக்கக் கூடாது

வங்கிக் கணக்கு, பி.எம். கிசான், பயிர்க் கடன் எல்லாம் ஒரே எண்ணில் பதிவாகியிருக்கும். நீண்ட நாள் பயன்படுத்தாமல் விட்டால் அந்த எண் துண்டிக்கப்பட்டு, பின்னர் வேறொருவருக்குப் போய்விடலாம். சிக்னல் சரியில்லை என்பதற்காகப் பழைய எண்ணைக் கைவிட வேண்டாம். எண் மாறாமலே நிறுவனத்தை மாற்றிக்கொள்ளும் வசதி 2011 முதல் நாடெங்கும் உள்ளது. போர்ட் என்று ஆங்கிலத்தில் தட்டி, இடைவெளி விட்டு, எண்ணைச் சேர்த்து 1900க்குச் செய்தி அனுப்பினால் குறியீடு ஒன்று வரும். அதனையும் ஆதாரையும் புதிய நிறுவனத்தின் கடையில் கொடுக்க வேண்டும். பழைய ரீசார்ஜில் மீதமுள்ள பணம் கூட வராது. ஆகவே திட்டம் முடியும் தறுவாயில் மாறுவது சிக்கனம்.

கருவியில் கவனிக்க வேண்டியவை

1. ரேம் 4 ஜி.பி., சேமிப்பு 64 ஜி.பி.க்குக் குறையக் கூடாது. குறைந்தால் உழவன், மேகதூத் போன்ற செயலிகளும் வங்கிச் செயலியும் திணறும்.

2. பேட்டரி 5,000 எம்.ஏ.எச். இருத்தல் நலம்.

3. திரையைக் கடைக்கு வெளியே வெயிலில் பிடித்து, எழுத்து தெரிகிறதா என்று பார்க்க வேண்டும்.

4. கேமராவின் மெகாபிக்சல் எண்ணிக்கையில் மயங்க வேண்டாம். ஓர் இலையை அருகில் வைத்துப் படமெடுத்து, நரம்புகள் தெளிவாக விழுகின்றனவா என்று பார்த்தால் போதும். பூச்சி, நோய் தாக்கிய இலையைப் படமெடுத்து வேளாண் அலுவலருக்கு அனுப்ப இது உதவும்.

5. ஊரில் 5ஜி டவர் இல்லையெனில் அதற்காகக் கூடுதல் விலை கொடுப்பது வீண்.

6. இரண்டு சிம் போடும் வசதி அவசியம்.

பழைய கருவி வாங்குவோர் ரசீது கேட்க வேண்டும். *#06# என்று அழுத்தினால் 15 இலக்க எண் தோன்றும். கே.ஒய்.எம். என்ற மூன்று ஆங்கில எழுத்துகளைப் புள்ளியின்றித் தட்டி, இடைவெளி விட்டு, அந்த எண்ணைச் சேர்த்து 14422க்கு அனுப்பிச் சரிபார்த்த பின்னரே பணம் கொடுக்க வேண்டும். திருட்டுக் கருவியாக இருந்தால் பணமும் போய், காவல் நிலையத்துக்கும் அலைய நேரிடும்.

தவணையில் வாங்குவதாயின் வட்டியும் கட்டணமும் சேர்ந்த மொத்தத் தொகையை எழுதி வாங்கிப் பார்த்தல் நன்று. மேற்கண்ட வரிசையில் தேர்வு செய்யும் விவசாயிகள், குறைந்த செலவில் வயலிலும் வேலை செய்யும் செல்போனைப் பெற்றுப் பயன் அடையலாம்.