கீழாநெல்லி: வயலில் முளைத்ததும் லான்செட்டில் வந்ததும்

நல்ல மழை ஒன்று பெய்தால் போதும், எங்கள் மணப்பாறைப் பக்கச் செம்மண்ணில் கடலைக்கு நடுவே கீழாநெல்லி தானாக முளைத்துவிடும். களையெடுக்க வரும் பெண்கள், "சார், இது மஞ்சக்காமாலைக்கு ஆகும், விட்டு வைக்கவா?" என்பார்கள். விடச் சொல்லிவிடுவேன்.

இந்தச் செடியை அறிவியலும் விட்டு வைக்கவில்லை. 1988-ல் சென்னைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் எஸ்.பி.தியாகராஜன் குழுவினரின் ஆய்வு 'லான்செட்' இதழில் வந்தது. ஹெபடைடிஸ் பி கிருமியைக் கண்டறிந்து 1976-ல் நோபல் பரிசு பெற்ற ப்ளம்பர்க்கும் அதில் ஒருவர். கிருமியை நாள்பட உடலில் சுமந்தவர்களுக்குக் கீழாநெல்லிப் பொடி 200 மில்லிகிராம், தினம் மூன்று வேளை, 30 நாள் கொடுத்தார்கள். 37 பேரில் 22 பேருக்கு ரத்தத்தில் கிருமியின் அடையாளம் மறைந்தது. வெற்றுப் பொடி சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்குத்தான்.

நம்மில் பலர் இந்தக் கணக்கோடு நிறுத்திக்கொள்கிறோம். பேங்கில் ஒரு வருட வரவைப் பார்த்து யாரும் பெரிய கடன் கொடுப்பதில்லை. அடுத்தடுத்த வருடமும் பார்ப்பார்கள். 1990-ல் தாய்லாந்தில் செய்து பார்த்தபோது கிருமி போகவில்லை. பிறகு பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவர்களுக்கும் உறுதியான ஆதாரம் கிடைக்கவில்லை. செடியின் இனம், விளைந்த மண், பறித்த பருவம் மாறியதா என்று வாதம் உண்டு. எதுவானாலும் பி வகைக்குப் பிறந்த குழந்தைக்குப் போடும் தடுப்பூசிதான் காவல்; அரசு மருத்துவமனையில் இலவசம்.

சரி, ஊரில் கீழாநெல்லி குடித்துக் குணமானவர்கள்? குடிதண்ணீரால் வரும் ஏ வகைக் காமாலை பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே இறங்கிவிடும். பேர் மருந்துக்குப் போய்விடுகிறது.

நமக்கு ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. எலி மூத்திரம் கலந்த வயல் தண்ணீரில், காலில் வெடிப்போடு நிற்கிறவர்களுக்கு எலிக்காய்ச்சல் வரலாம். காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு, அதோடு காமாலையும் வரும். நாள் கடத்தினால் சிறுநீரகம் கெடும். ஆரம்பத்திலேயே ஆன்டிபயாடிக் கொடுத்தால் பிழைத்துக்கொள்ளலாம். பித்தக்கல் அடைத்தாலும் கண் மஞ்சளாகும். கர்ப்பிணிக்குக் காமாலை என்றால் ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாது. கண் மஞ்சளானால் முதல் நடை ஆஸ்பத்திரிக்கு, ரத்தப் பரிசோதனைக்கு. கீழாநெல்லி குடிப்பதையும் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

பறிப்பவர்களுக்கு ஒன்று. காய் வழவழப்பாக, சிறு காம்போடு இலைக்கு அடியில் தொங்குவதுதான் நம் கீழாநெல்லி. தண்டு சிவந்து, காய் சொரசொரப்பாகக் காம்பின்றி ஒட்டியிருந்தால் அது வேறு இனம். களைக்கொல்லி அடித்த வரப்பில் கை வைக்காதீர்கள். வேரோடு பிடுங்கி, மண் போக அலசி, நிழலில் உலர்த்துங்கள்.